ஃபயர்வால் ரூல் போட்டும் கவுண்டர் பூஜ்யத்திலேயே நிற்கிறது: ஏற்காடு ஹோம்ஸ்டே ரவுட்டர்

#1 ஒண்டிக்கடை_வைஃபை

எல்லாருக்கும் வணக்கம். மாமா ஏற்காட்டில் ஒண்டிக்கடையைத் தாண்டி ஒரு சின்ன ஹோம்ஸ்டே நடத்துகிறார், நெட் சம்பந்தப்பட்ட வேலை எல்லாம் என் தலையில். நான் இருப்பது கீழே அஸ்தம்பட்டியில். முடிந்தவரை இங்கிருந்தே வின்பாக்ஸில் (மைக்ரோடிக் ரவுட்டரை நிர்வகிக்கும் மென்பொருள்) நுழைந்து பார்த்துக்கொள்கிறேன்.

அங்கே இருப்பது ஐந்து போர்ட் மைக்ரோடிக் ரவுட்டர், அதன் மென்பொருள் ரவுட்டர்ஓஎஸ் பதிப்பு 7. ஃபைபர் பெட்டி பிரிட்ஜ் மோடில் ஈதர்1-க்கு வருகிறது, பிபிபிஓஇ (யூசர், பாஸ்வேர்டு கொடுத்து லைனில் நுழையும் முறை) டயல் செய்வது ரவுட்டர்தான். கேமராவைப் போனில் பார்க்க வேண்டும் என்று மாமா தனியாகப் பணம் கட்டி பப்ளிக் ஐபி வாங்கியிருக்கிறார். முதலில் வந்து செட் பண்ணிக் கொடுத்தவர் ரவுட்டரோடு வரும் டீஃபால்ட் கான்ஃபிக்கை மொத்தமாக அழித்துவிட்டு, நெட் வருகிற அளவுக்கு மட்டும் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

இப்போது பிரச்சினை: சாயங்காலம் ஆனால் அப்லோடு முழுக்க நிரம்பிவிடுகிறது, கெஸ்ட் யாரும் இல்லாத நாளிலும். லைன் கொடுத்தவர்கள் போன் பண்ணி, உங்கள் ஐபியிலிருந்து 53-ஆம் போர்ட்டில் (டிஎன்எஸ், தளத்தின் பெயரை ஐபியாக மாற்றிச் சொல்லும் சேவை) டிராஃபிக் கொட்டுகிறது, நிறுத்தாவிட்டால் லைனை நிறுத்துவோம் என்கிறார்கள். சரி என்று ஃபயர்வாலின் இன்புட் செயினில் (ரவுட்டரையே தேடி வரும் பாக்கெட்டுக்கான ரூல் வரிசை) ஒரு ரூல் போட்டேன்: யுடிபி, டெஸ்டினேஷன் போர்ட் 53, இன்-இன்டர்ஃபேஸ் ஈதர்1, டிராப். இன்னொன்று ஃபார்வர்டு செயினில், கெஸ்ட்கள் டிவிஆரை (கேமரா பதிவுப் பெட்டி) தொடக்கூடாது என்பதற்காக: சோர்ஸ் 192.168.88.0/24, டெஸ்டினேஷன் 192.168.88.50, டிராப். இரண்டுக்கும் பாக்கெட் கவுண்டர் பூஜ்யம். அசையவே இல்லை. ரவுட்டர் பழுதா, நான் எதையாவது விட்டுவிட்டேனா?

#2 டிராப்_ஆல்

ரூலே வேண்டாம் பாஸ். ஐபி மெனுவில் டிஎன்எஸ் போய் அலவ் ரிமோட் ரிக்வெஸ்ட்ஸ் டிக்கை எடுத்துவிட்டு, டிஹெச்சிபி-யில் கெஸ்ட்களுக்கு 8.8.8.8, 1.1.1.1 என்று நேராகக் கொடுத்துவிடுங்கள். ரவுட்டர் யாருக்கும் பதில் சொல்லாது, வேலை முடிந்தது.

#3 சேவாப்பேட்டை_கேபிள்

டிராப்_ஆல் சொல்வது அந்த ஒரு ஓட்டையை அடைக்கும், தப்பில்லை. ஆனால் தம்பி கேட்டது கவுண்டர் ஏன் அசையவில்லை என்று. அதற்குப் பதில் தெரியாமல் விட்டால் நாளைக்குப் போடுகிற ரூலும் இதே கதிதான்.

தம்பி, ஈதர்1-இல் வருவது ஐபி பாக்கெட்டே இல்லை. அங்கே வருவது பிபிபிஓஇ ஃபிரேம், ஈதர்டைப் 0x8864. அதன் உள்ளே சுற்றி வைத்த ஐபி பாக்கெட் பிரித்து எடுக்கப்பட்டதும், ஃபயர்வாலைப் பொறுத்தவரை அது நுழைகிற இன்டர்ஃபேஸின் பெயர் பிபிபிஓஇ-அவுட்1. வண்டியெல்லாம் அடிவாரம் வழியாக மலை ஏறுகிறது, நீங்கள் செக்போஸ்டைக் குப்பனூர் ரோட்டில் போட்டுவிட்டு ஒரு வண்டியும் வரவில்லை என்கிறீர்கள்.

இன்-இன்டர்ஃபேஸைப் பிபிபிஓஇ-அவுட்1 என்று மாற்றுங்கள், டிசிபி 53-க்கும் இதே போல ஒன்று போடுங்கள். இவற்றுக்கு மேலே, இன்புட் செயினின் முதல் வரியாக எஸ்டாப்ளிஷ்டு, ரிலேட்டட் அக்செப்ட் (ஏற்கெனவே தொடங்கிய இணைப்பையும் அதோடு சம்பந்தப்பட்டதையும் விடும் ரூல்) இருக்கட்டும், இல்லையென்றால் ரவுட்டர் தான் கேட்ட கேள்விகளுக்கு வரும் பதிலையும் பின்னால் போடும் ரூல்கள் தின்றுவிடும்.

பூஜ்யத்தில் நிற்கும் கவுண்டரைப் பார்த்ததும் சந்தேகப்பட்டீர்களே, அது நல்ல பழக்கம். நான் போய்ப் பார்க்கிற கடைகளில் பாதிப் பேர் ரூல் லிஸ்டில் சிவப்பு எழுத்து வரவில்லை என்றாலே பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

டிவிஆர் ரூல் வேறு காரணம், அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் இது.

#4 ஒண்டிக்கடை_வைஃபை

அண்ணா, மாற்றினேன். கவுண்டர் ஓடுகிறது! ஆனால் கொஞ்சம்தான். அப்லோடு இன்னும் குறையவில்லை. டார்ச்சில் (டிராஃபிக்கை நேரடியாகக் காட்டும் கருவி) பிபிபிஓஇ-அவுட்1-ஐப் பார்த்தால் 53-இல் இன்னும் போய்க்கொண்டேதான் இருக்கிறது. டிராப் போட்ட பிறகும் எப்படி?

#5 லூப்பேக்_127

ஏனென்றால் அந்த ஓட்டம் நீங்கள் ரூல் போடுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கனெக்‌ஷன் டிராக்கிங்கின் கணக்கில் அது புதிது இல்லை, எஸ்டாப்ளிஷ்டு. கேபிள் அண்ணன் சொன்னபடி நீங்கள் மேலே வைத்த அக்செப்ட் ரூல் அதைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகிறது, கீழே இருக்கும் டிராப் வரை அது வருவதே இல்லை. யுடிபி-யில் கனெக்‌ஷன் என்று உண்மையில் ஒன்றும் கிடையாது, ரவுட்டர் நேரத்தை வைத்து ஊகிப்பதுதான். பதில் போகாத ஓட்டத்துக்குச் சில வினாடி, இருபக்கமும் ஓடினால் 3 நிமிடம் என்பது டீஃபால்ட். ஒரே ஐபி, ஒரே போர்ட்டிலிருந்து கேள்வி வந்துகொண்டே இருந்தால் அந்தக் கடிகாரம் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பிக்கும், முடியவே முடியாது.

ஃபயர்வாலில் கனெக்‌ஷன்ஸ் டேப் திறந்து, டெஸ்டினேஷன் போர்ட் 53 என்று வடிகட்டி, டெஸ்டினேஷன் உங்கள் பப்ளிக் ஐபியாக இருக்கும் வரிகளை எல்லாம் தேர்வு செய்து அழியுங்கள். அடுத்த பாக்கெட் புதிதாகக் கணக்கிடப்படும், டிராப்பில் விழும்.

பின்னணி தெரியாதவர்களுக்காக: அந்தக் கேள்விகளை அனுப்புகிறவன் தன் ஐபியைப் போடுவதில்லை, யாரைத் தாக்க வேண்டுமோ அவர்களுடைய ஐபியைச் சோர்ஸாகப் போட்டு அனுப்புகிறான். சின்னக் கேள்வி, பெரிய பதில். அமெரிக்காவின் யுஎஸ்-சிஇஆர்டி 2014-இல் வெளியிட்ட எச்சரிக்கையில் டிஎன்எஸ் வழியாக 28 முதல் 54 மடங்கு வரை பெருகும் என்று கணக்கு கொடுத்திருந்தார்கள். அந்தப் பதில் முழுக்க உங்கள் மாமாவின் அப்லோடில் போய் எங்கோ ஒருவர் தலையில் விழுகிறது. இப்படிப் பொய் சோர்ஸ் போட்ட பாக்கெட்டை வெளியே விடாதீர்கள் என்று லைன் கொடுப்பவர்களுக்கு 2000-ஆம் ஆண்டிலேயே ஆர்எஃப்சி 2827 என்று எழுதி வைத்தாயிற்று. உலகம் முழுக்க எல்லாரும் அதைச் செய்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

#6 ஒண்டிக்கடை_வைஃபை

அழித்தேன், அப்லோடு சட்டென்று கீழே இறங்கிவிட்டது. டிராப் கவுண்டர் இப்போது பேய் மாதிரி ஓடுகிறது. இருவருக்கும் ரொம்ப நன்றி.

இன்னொரு கேள்வி. இப்படி ஒவ்வொரு போர்ட்டாக அடைத்துக்கொண்டே போக வேண்டுமா? எந்தெந்தப் போர்ட் என்று ஒரு பட்டியல் கொடுத்தால் மொத்தமாகப் போட்டுவிடுவேன்.

#7 சேவாப்பேட்டை_கேபிள்

வேண்டாம். போர்ட் பட்டியல் கேட்கிற நேரத்தில் பிரச்சினை பாதி தொடங்கிவிடுகிறது. தேவையானதைத் திறந்துவிட்டு மீதி எல்லாவற்றையும் மூடுங்கள், மூட வேண்டியது என்ன என்று யோசிக்கவே வேண்டாம்.

ரவுட்டர்ஓஎஸ்-இல் மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்துகிற ரூலோடு முடிவு எடுக்கப்படும். எதிலும் பொருந்தாவிட்டால் உள்ளே விட்டுவிடும். இதை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள், பொருந்தாதது அனுமதி. அதனால் கடைசி வரி டிராப் ஆக இல்லாத செயின் திறந்த செயின்.

இன்புட் செயினுக்கு, அதாவது ரவுட்டரையே தேடி வரும் பாக்கெட்டுகளுக்கு, எஸ்டாப்ளிஷ்டு ரிலேட்டட் அக்செப்ட், இன்வாலிட் டிராப், ஐசிஎம்பி (பிங் போன்ற செய்திகள்) அக்செப்ட், கடைசியாக லேன் லிஸ்டில் (உள்பக்க இன்டர்ஃபேஸ்களின் பட்டியல்) இல்லாத எந்த இன்டர்ஃபேஸிலிருந்து வந்தாலும் டிராப். நாலே வரி. மைக்ரோடிக்கின் டீஃபால்ட் கான்ஃபிக்கும் கிட்டத்தட்ட இதுதான், உங்களுக்குச் செட் பண்ணியவர் அழித்தது இதைத்தான்.

கடைசி வரியைக் கவனியுங்கள். "வெளிப்பக்கத்திலிருந்து வந்தால் டிராப்" என்று எழுதவில்லை, "உள்பக்கம் இல்லையென்றால் டிராப்" என்று எழுதியிருக்கிறது, இன்-இன்டர்ஃபேஸ்-லிஸ்டுக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டு. நாளைக்கு லைன் மாற்றி வேறு பிபிபிஓஇ வந்தாலும், மழையில் ஃபைபர் அறுந்து 4ஜி டாங்கிளைச் செருகினாலும், அதை எந்த லிஸ்டிலும் சேர்க்க மறந்தாலும் கதவு மூடியே இருக்கும். மறதி எப்போதும் மூடுகிற பக்கம் விழ வேண்டும், திறக்கிற பக்கம் விழக்கூடாது. உங்கள் ஈதர்1 ரூல் விழுந்தது திறக்கிற பக்கம்.

வின்பாக்ஸின் 8291 இப்போது உலகத்துக்கே திறந்திருக்கிறது, அது தெரியுமா? 2018-இல் சிவிஇ-2018-14847 என்று ஒரு ஓட்டை வந்தது, லாகின் இல்லாமலே வின்பாக்ஸ் போர்ட் வழியாக ரவுட்டரின் ஃபைல்களைப் படிக்கலாம், யூசர் பாஸ்வேர்டு இருக்கும் ஃபைல் உட்பட. 6.42.1-இல் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அப்டேட் செய்துவிட்டு பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட ரவுட்டர்கள் நிறைய. 2021-இல் மெரிஸ் என்று ஒரு பாட்நெட் (கைப்பற்றிய கருவிகளின் படை) பெரிய பெரிய தளங்களை அடித்தபோது அந்தப் பழைய ரவுட்டர்கள்தான் அதற்குக் கைகால். உங்களுடையது பதிப்பு 7, அந்த ஓட்டை இல்லை. அடுத்தது என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது, அதனால் போர்ட்டையே காட்டாதீர்கள்.

#8 அம்மாப்பேட்டை_லினக்ஸ்

"பொருந்தாதது அனுமதி" என்பது ஒவ்வொரு பெட்டிக்கும் ஒவ்வொரு மாதிரி, இதை வைத்துத்தான் புதிதாக வருகிறவர்கள் குழம்புகிறார்கள். சிஸ்கோ ஆக்சஸ் லிஸ்டில் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத டினை ஒன்று தானாகவே இருக்கும், லேபில் அதைப் படித்துவிட்டு மைக்ரோடிக்குக்கு வந்து கடைசி வரியை எழுதாமல் விடுகிறார்கள். லினக்ஸ் ஐபிடேபிள்ஸில் செயினுக்கே பாலிசி என்று தனியாக உண்டு, அக்செப்ட்டா டிராப்பா என்று நாமே வைக்கலாம். ஓபன்பிஎஸ்டி-யின் பிஎஃப் இன்னும் தலைகீழ், கடைசியாகப் பொருந்தியதே செல்லும், நடுவில் முடிக்க வேண்டுமானால் குவிக் என்று எழுத வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வரி வரியாகக் காப்பி அடித்தால் ஒழிந்தோம்.

அடியில் மைக்ரோடிக் ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான், இன்புட், ஃபார்வர்டு, அவுட்புட் என்ற பெயர்கள் எல்லாம் நெட்ஃபில்டர் பரம்பரை, நெட்ஃபில்டர் 2001-இல் கெர்னல் 2.4-ஓடு வந்தது. ஓபன்டபிள்யூஆர்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க, 22.03 பதிப்பிலிருந்து உள்ளே என்எஃப்டேபிள்ஸ், பழைய ஐபிடேபிள்ஸ் கட்டளைகளை யூசர் ஸ்கிரிப்டில் வைத்திருந்தால் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

#9 டிராப்_ஆல்

நான் இதோடு பிளாக்லிஸ்ட் ஒன்றும் சேர்ப்பேன். இணையத்தில் கெட்ட ஐபி பட்டியல் கிடைக்கிறது, ஸ்கிரிப்ட் வைத்து தினமும் இறக்கி அட்ரஸ் லிஸ்டில் ஏற்றிவிடலாம். ஐசிஎம்பி-யையும் அடைத்துவிடுங்கள், பிங் பண்ணினால் ஆள் இருக்கிறதே தெரியக்கூடாது.

#10 லூப்பேக்_127

பிங்கை அடைத்தால் ஆள் மறைந்துவிடுவதில்லை, நீங்கள் பிரச்சினை தேடும்போது கையில் இருக்கும் ஒரே கருவி போய்விடும், அவ்வளவுதான். அதைவிட முக்கியம், ஐசிஎம்பி என்றால் பிங் மட்டும் இல்லை. பிபிபிஓஇ-யில் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 1492, வழக்கமான 1500 இல்லை. பாக்கெட் பெரிது, உடைக்க வேண்டும் என்று வழியில் ஒரு ரவுட்டர் சொல்கிற செய்தி வருவதும் ஐசிஎம்பி-யில்தான், டைப் 3 கோட் 4. மேலே ரிலேட்டட் அக்செப்ட் இருந்தால் அது உள்ளே வந்துவிடும், அந்த வரி இல்லாமல் ஐசிஎம்பி-யை மொத்தமாக அடைத்தவர்கள்தான் "சில சைட் மட்டும் திறக்கவில்லை, பாதி வந்து நிற்கிறது" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். எம்எஸ்எஸ் கிளாம்ப் (பாக்கெட் அளவை ஆரம்பத்திலேயே குறைத்துச் சொல்வது) ஓரளவு காப்பாற்றும், ஆனால் அது டிசிபி-க்கு மட்டும்.

பிளாக்லிஸ்ட் பற்றி: எல்லாவற்றையும் மூடிய கதவின் மேல் யார் யார் வரக்கூடாது என்ற பட்டியலை ஒட்டி என்ன பயன்? வெளியே சேவை கொடுக்கிற சர்வர் வைத்திருந்தால் அர்த்தம் உண்டு. ஹோம்ஸ்டேவுக்கு அது ரவுட்டரின் மெமரியைத் தின்னும், ஒருநாள் நல்ல ஐபி ஒன்று அதில் மாட்டிக்கொண்டு கெஸ்ட்டுக்குப் பணம் அனுப்பும் ஆப் வேலை செய்யாமல் போகும், நீங்கள் மாமாவிடம் திட்டு வாங்குவீர்கள்.

#11 டிராப்_ஆல்

பிளாக்லிஸ்டில் ஒத்துக்கொள்ள மாட்டேன், என் ஆபீஸில் மெயில் சர்வர் இருக்கிறது, எனக்கு அது தேவை. ஹோம்ஸ்டேவுக்கு வேண்டாம் என்றால் சரி.

#12 ஒண்டிக்கடை_வைஃபை

இன்றிரவே அந்த நாலு வரியைப் போட்டுவிடுகிறேன். சேஃப் மோடு அழுத்திவிட்டுச் செய்தால் போதும் அல்லவா, தப்பானால் தானாகத் திரும்பிவிடும்?

#13 சேவாப்பேட்டை_கேபிள்

தம்பி, நில்லுங்கள். நீங்கள் அஸ்தம்பட்டியில் உட்கார்ந்து பப்ளிக் ஐபி வழியாகத்தானே வின்பாக்ஸில் இருக்கிறீர்கள்? அந்தக் கடைசி டிராப் அடைப்பது உங்களையும் சேர்த்துத்தான்.

சேஃப் மோடு நல்ல விஷயம், ஆனால் அது உங்கள் இணைப்பு அறுந்தால்தான் மாற்றங்களைத் திரும்ப எடுக்கும். அதுவும் உடனே இல்லை, டிசிபி டைம்அவுட் 9 நிமிடம் ஆகும். இங்கே என்ன நடக்கும் தெரியுமா? உங்கள் இப்போதைய வின்பாக்ஸ் இணைப்பு ஏற்கெனவே எஸ்டாப்ளிஷ்டு. முதல் வரி அதை விட்டுவிடும். டிராப் போட்ட பிறகும் திரை அப்படியே ஓடும், ஆஹா எல்லாம் சரி என்று சேஃப் மோடை விடுவிப்பீர்கள், வின்பாக்ஸை மூடுவீர்கள், மறுபடி திறந்தால் உள்ளே போக முடியாது. அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்த்தான் சரி பண்ண வேண்டும், இருட்டில்.

அதனால் முதலில் வயர்கார்டு என்ற விபிஎன். பதிப்பு 7-இல் உள்ளேயே இருக்கிறது. ரவுட்டரில் ஒரு வயர்கார்டு இன்டர்ஃபேஸ் உருவாக்கி, டீஃபால்ட் போர்ட் 13231 வரும், அந்த யுடிபி போர்ட்டை இன்புட்டில் டிராப்புக்கு மேலே அக்செப்ட் செய்யுங்கள். வயர்கார்டு இன்டர்ஃபேஸை லேன் லிஸ்டில் சேருங்கள். உங்கள் வீட்டு லைன் சிஜிநேட்டாக (ஒரே பப்ளிக் ஐபி பலருக்கும் பொதுவாக) இருந்தாலும் பரவாயில்லை, அழைப்பது நீங்கள், மலைமேல் பப்ளிக் ஐபி இருக்கிறதே. வயர்கார்டு வழியாக வின்பாக்ஸ் திறக்கிறது என்று பார்த்த பிறகு சேஃப் மோடு அழுத்தி, டிராப்பைப் போட்டு, சேஃப் மோடை விடாமலே இரண்டாவது வின்பாக்ஸ் ஒன்றைப் புதிதாகத் திறந்து பாருங்கள். அது உள்ளே போனால்தான் விடுவிக்க வேண்டும்.

இன்னொன்று, சேஃப் மோடில் இருந்துகொண்டு சகட்டுமேனிக்கு மாற்றக்கூடாது. ஹிஸ்டரி 100 செயல்கள்தான் பிடிக்கும், தாண்டினால் சேஃப் மோடிலிருந்து தானாக வெளியே வந்துவிடும், எதுவும் திரும்பாது.

#14 ஒண்டிக்கடை_வைஃபை

அண்ணா, நல்லவேளை கேட்டேன். வயர்கார்டு எழுந்துவிட்டது, நீங்கள் சொன்ன வரிசைப்படியே செய்தேன், இரண்டாவது வின்பாக்ஸும் திறந்தது. வைஃபையை அணைத்துவிட்டுப் போன் டேட்டாவிலிருந்து 8291-ஐயும் 53-ஐயும் தட்டிப் பார்த்தேன், பதில் இல்லை.

இப்போது அந்த டிவிஆர் ரூல். இன்னும் பூஜ்யம்தான்.

#15 லூப்பேக்_127

அது பூஜ்யமாகத்தான் இருக்கும், எத்தனை வருடம் விட்டாலும். கெஸ்ட்டும் டிவிஆரும் ஒரே 192.168.88.0/24, ஒரே பிரிட்ஜ். கெஸ்ட் போன் டிவிஆரிடம் பேச ரவுட்டரின் உதவியைக் கேட்பதில்லை, ஏஆர்பி-யில் மேக் அட்ரஸை வாங்கிக்கொண்டு நேராக அனுப்புகிறது. ஃபிரேம் ஸ்விட்ச் சிப்பிலேயே திரும்பிவிடலாம், சிபியூவை எட்டிக்கூடப் பார்க்காது. ஐபி ஃபயர்வாலின் ஃபார்வர்டு செயின் என்பது ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு ரூட் ஆகும் பாக்கெட்டுக்கு மட்டும். பிரிட்ஜ் செட்டிங்கில் யூஸ் ஐபி ஃபயர்வால் என்று ஒன்று உண்டு, அதைப் போடாதீர்கள், சின்ன ரவுட்டர் மூச்சு வாங்கும், சிப்பிலேயே திரும்புவதை அதுவும் பார்க்காது.

ஐந்து போர்ட் இருக்கிறது, அதைப் பிரித்தாலே போதும், விலான் எல்லாம் வேண்டாம். ஈதர்2 ரிசப்ஷன் கம்ப்யூட்டர், அது இருக்கும் பிரிட்ஜ் ஆபீஸ். ஈதர்3, ஈதர்4-இல் கெஸ்ட் ஆக்சஸ் பாயின்ட்கள், இவற்றுக்குத் தனியாக இன்னொரு பிரிட்ஜ், தனி சப்நெட். டிவிஆரை ஈதர்5-இல், எந்தப் பிரிட்ஜிலும் சேர்க்காமல், 192.168.20.0/24 என்று தனியாக. இப்போது கெஸ்ட் டிவிஆரிடம் போக வேண்டுமானால் ரவுட்டர் வழியாகத்தான் போக வேண்டும், ஃபார்வர்டு செயின் பார்க்கும்.

ஃபார்வர்டில்: எஸ்டாப்ளிஷ்டு ரிலேட்டட் அக்செப்ட், இன்வாலிட் டிராப், ஆபீஸிலிருந்து வெளியே அக்செப்ட், கெஸ்ட்டிலிருந்து வெளியே அக்செப்ட், ஆபீஸிலிருந்தும் வயர்கார்டிலிருந்தும் டிவிஆருக்கு அக்செப்ட், மீதி டிராப். "வெளியே" என்பதற்கு அவுட்-இன்டர்ஃபேஸாகப் பிபிபிஓஇ-அவுட்1, ஈதர்1 இல்லை, மறுபடி அதே குழியில் விழாதீர்கள்.

கெஸ்ட் பிரிட்ஜையும் ஈதர்5-ஐயும் லேன் லிஸ்டில் சேர்க்கக்கூடாது, சேர்த்தால் அங்கிருந்து ரவுட்டரின் லாகின் பக்கம் தெரியும். கெஸ்ட்டுக்கு இன்புட்டில் 53-ஐயும் 67-ஐயும் மட்டும் திறந்துவிடுங்கள். டிவிஆர் வெளியே எங்கேயும் போக வேண்டியதில்லை. நேரம் சரியாக இருக்க ரவுட்டரிலேயே என்டிபி சர்வரை இயக்கி, ஈதர்5-இலிருந்து யுடிபி 123-க்கு மட்டும் அக்செப்ட்.

#16 அம்மாப்பேட்டை_லினக்ஸ்

கெஸ்ட் டிவிஆரைத் தொட்டால் டிராப்புக்குப் பதில் ரிஜெக்ட் வைக்கலாம் என்பது என் கட்சி. உள்பக்கத்தில் டிராப் வைத்தால் நம் ஆளே தெரியாமல் முயலும்போது திரை அரை நிமிடம் தொங்கும், ரவுட்டர் பழுது என்று போன் வரும். ரிஜெக்ட் என்றால் உடனே முடியாது என்று தெரிந்துவிடும். வெளிப்பக்கத்துக்கு டிராப், அங்கே பதில் சொல்லி அப்லோடை வீணாக்க வேண்டாம்.

#17 ஜவ்வரிசி_பிஎல்சி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். டிரையர் பக்கம் பிஎல்சி (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) ஒன்று நெட்வொர்க்கில் இருக்கிறது, 502-ஆம் போர்ட். மெஷின் கொடுத்த கம்பெனிக்காரர் கோயம்புத்தூரிலிருந்து பார்க்க வேண்டும் என்று 502-ஐ வெளியே ஃபார்வர்டு பண்ணச் சொன்னார், பண்ணி வைத்திருக்கிறோம். போர்ட் நம்பரை வெளியே 50200 என்று மாற்றித்தான் வைத்திருக்கிறேன். அதை எடுக்க முடியாது என்றால் ஃபில்டரில் அவர் ஐபிக்கு மட்டும் விட முடியுமா? 50200-க்கு ரூல் போட்டேன், பொருந்தவில்லை.

#18 சேவாப்பேட்டை_கேபிள்

சார், 502 என்றால் மோட்பஸ். 1979-இல் வந்த புரோட்டோகால், அதில் பாஸ்வேர்டு என்ற சமாச்சாரமே கிடையாது. போர்ட்டைத் தொட முடிகிறவன் மோட்டரை நிறுத்தலாம், வெப்பநிலையை ஏற்றலாம். நம்பரை 50200 ஆக்கினது வெறும் கண் துடைப்பு, எல்லாப் போர்ட்டையும் தட்டுகிற ஸ்கேனருக்கு இரண்டும் ஒன்றுதான்.

ரூல் பொருந்தாததற்குக் காரணம் வரிசை. டிஎஸ்டி-நேட் (போர்ட் ஃபார்வர்டுக்காகச் செய்யும் முகவரி மாற்றம்) நடப்பது ஃபில்டருக்கு முன்னால். பாக்கெட் ஃபார்வர்டு செயினுக்கு வரும்போது அதன் டெஸ்டினேஷன் ஏற்கெனவே பிஎல்சி-யின் உள் ஐபியாகவும் போர்ட் 502 ஆகவும் மாறியிருக்கும். அதனால் ரூலில் உள் ஐபி, 502 என்று எழுத வேண்டும், சோர்ஸ் அட்ரஸாக அவர் ஐபி. அவரிடம் நிலையான ஐபி இருந்தால்தான் இது நிற்கும். அதைவிட அவருக்கும் ஒரு வயர்கார்டு பியர் கொடுத்துவிட்டு அந்த ஃபார்வர்டையே எடுத்துவிடுங்கள், வேலை இருக்கும்போது மட்டும் பியரை இயக்கி வையுங்கள். ஆலை ஓடும் நேரத்தில் இந்த மாற்றத்தைச் செய்யாதீர்கள்.

#19 ஜவ்வரிசி_பிஎல்சி

புரிந்தது. இப்போதைக்கு அந்த நேட் வரியை டிசேபிள் பண்ணிவிட்டேன். கம்பெனிக்காரர் கத்தட்டும், ஓனரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

#20 லூப்பேக்_127

எல்லாரும் மறந்த ஒன்று. மேலே பேசியது முழுக்க ஐபிவி4. ரவுட்டர்ஓஎஸ்-இல் ஐபிவி6-க்கு ஃபயர்வால் தனி, இங்கே போட்ட ஒரு வரியும் அங்கே செல்லாது. ஐபிவி4-இல் நேட் இருந்ததால் தற்செயலாக மறைந்திருந்த கருவிகள் ஐபிவி6-இல் ஒவ்வொன்றும் தனி முகவரியோடு வெளியே நிற்கும். லைன் கொடுப்பவர் ஐபிவி6 தருகிறாரா என்று பாருங்கள். தந்தால் அங்கேயும் அதே வடிவம்: எஸ்டாப்ளிஷ்டு ரிலேட்டட், இன்வாலிட், ஐசிஎம்பிவி6 அக்செப்ட், லேன் இல்லாதது டிராப், ஃபார்வர்டிலும் அப்படியே. இங்கே ஐசிஎம்பி-யை அடைத்தால் நெட்டே நிற்கும், அதே நெட்வொர்க்கில் பக்கத்தில் இருக்கும் கருவியின் முகவரியைக் கண்டுபிடிப்பதே அதை வைத்துத்தான், வழியில் இருக்கும் ரவுட்டர்கள் பாக்கெட்டை உடைத்துக் கொடுக்காது. எதை விடலாம் என்று ஆர்எஃப்சி 4890 முழுக்க எழுதியிருக்கிறது. பிரிஃபிக்ஸ் வாங்க யுடிபி 546-ஐ எஃப்இ80::/10-இலிருந்து மட்டும் திறக்க வேண்டும்.

இப்போதைக்குத் தேவை இல்லையென்றால் ஐபிவி6-ஐ டிசேபிள் செய்துவிடலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

#21 ஒண்டிக்கடை_வைஃபை

ஐபிவி6 வரவில்லை, டிசேபிள் செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மேலே போய்ப் போர்ட்களைப் பிரித்தேன். கெஸ்ட் வைஃபையிலிருந்து டிவிஆரைத் தட்டினேன், ரிஜெக்ட் கவுண்டர் ஏறியது, எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. மாமா போனில் வயர்கார்டு ஆப் போட்டுக் கொடுத்து, டிவிஆருக்கு இருந்த போர்ட் ஃபார்வர்டை எடுத்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அதை ஆன் பண்ண வேண்டுமா என்று முனகுகிறார்.

ஒரு கெஸ்ட்டுக்கு இவ்வளவு வேகம்தான் என்று சிம்பிள் க்யூ போட்டேன், அது மட்டும் பிடிக்கவில்லை. எல்லாரும் முழு வேகத்தில் இழுக்கிறார்கள்.

#22 அம்மாப்பேட்டை_லினக்ஸ்

பழைய ஃபாஸ்ட்டிராக் ரூல் இன்னும் இருக்கும் பாருங்கள். அது எஸ்டாப்ளிஷ்டு ஓட்டத்தை ஃபயர்வாலையும் சிம்பிள் க்யூவையும் தாண்டிக் குறுக்கு வழியில் அனுப்பிவிடும், அதற்காகத்தான் அது வேகம். அதை டிசேபிள் செய்யுங்கள், உங்கள் லைன் வேகத்துக்கு சிபியூ தாங்கும். தாங்காவிட்டால் ஆபீஸ் பக்கத்துக்கு மட்டும் ஃபாஸ்ட்டிராக் வையுங்கள்.

#23 ஒண்டிக்கடை_வைஃபை

ஆமாம், இருந்தது. எடுத்ததும் க்யூ பிடித்துவிட்டது. கடைசி டிராப்பில் லாக் டிக் போட்டுப் பார்த்தேன், திரை நிற்காமல் ஓடுகிறது. அப்படியே வைத்திருக்கலாமா? அப்புறம், மே மாத இடியில் போன வருஷம் மாமாவின் பக்கத்து எஸ்டேட்டில் ரவுட்டர் கருகியது. இந்த ரூல்களை எல்லாம் அப்படியே இன்னொரு பெட்டியில் ஏற்ற எக்ஸ்போர்ட் எடுத்து வைத்தால் போதுமா, பேக்கப் எடுக்க வேண்டுமா?

#24 சேவாப்பேட்டை_கேபிள்

லாக்கை எடுத்துவிடுங்கள். மெமரியில் 1000 வரிதான் நிற்கும், வெளியிலிருந்து வருகிற குப்பையே அதை நிரப்பிவிடும், உங்களுக்கு வேண்டிய வரி தள்ளப்பட்டுப் போயிருக்கும். ஏதாவது தேடும்போது மட்டும், குறிப்பிட்ட ஒரு ரூலுக்கு, ஒரு பிரிஃபிக்ஸ் வைத்துப் போடுங்கள், முடிந்ததும் எடுங்கள்.

பேக்கப் அதே பெட்டிக்குத்தான், வேறு மாடலில் ஏற்றினால் மேக் அட்ரஸ் வரைக்கும் பழையது வந்து உட்கார்ந்து குழப்பும். எக்ஸ்போர்ட் எடுங்கள், அது படிக்கிற டெக்ஸ்ட், போர்ட் பெயர் மாறினால் திருத்திக்கொள்ளலாம். ஆனால் பதிப்பு 7-இல் எக்ஸ்போர்ட் பாஸ்வேர்டுகளை மறைத்துவிடும், ஷோ-சென்சிட்டிவ் சேர்த்துக் கொடுத்தால்தான் பிபிபிஓஇ பாஸ்வேர்டும் வயர்கார்டு பிரைவேட் கீயும் வரும். அப்படி எடுத்த ஃபைலை வாட்ஸ்அப்பில் மாமாவுக்கு அனுப்பி வைக்காதீர்கள். ரவுட்டரின் லாகின் யூசர்கள் எக்ஸ்போர்ட்டில் வரமாட்டார்கள், புதுப் பெட்டியில் கையால்தான் உருவாக்க வேண்டும்.

இடிக்கு ஃபயர்வால் ஒன்றும் செய்யாது. ஃபைபர் வழியாக வராது, கரண்ட் வழியாகவும் கட்டிடத்துக்கு வெளியே ஓடும் கேமரா கேபிள் வழியாகவும்தான் வரும். டிவிஆருக்கும் வெளியில் இருக்கும் கேமராவுக்கும் நடுவே சர்ஜ் ப்ரொடெக்டர் போட்டு எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

#25 ஒண்டிக்கடை_வைஃபை

சரிங்கண்ணா. எக்ஸ்போர்ட் எடுத்துப் பென்டிரைவில் போட்டாயிற்று. எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி ரொம்ப நாள் ஆகிறதாம், எலக்ட்ரீஷியன் புதன்கிழமை வருகிறார்.